கவுதாவின் கரப்பானும் குடுவை ஆட்டமும்

"குடுவையை உடைச்சது யாரு?" என்று கவுதா ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், மைதானத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போன ஆள் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"நானில்லே! நானில்லே!" என்று பின்னால் கையில் குடுவையோடு நின்ற பிள்ளைகள் இடுப்பை வெட்டிக்கொண்டு பதில் பாடினார்கள்.

நான் அடித்துக்கொண்டிருந்த கோலைக் கீழே வைத்துவிட்டேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அது என் அக்கா பிள்ளை. தினம் என் மடியில் ஏறி உட்கார்ந்து அவித்த சக்கரைவள்ளிக் கிழங்கைத் தின்கிறவள். அவள் தொண்டைக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது.

என் பெயர் கியெம்பா. பூகெம்பே கடைத்தெருவில் எனக்கு வெல்டிங் பட்டறை. பள்ளிக்கூடங்களுக்குள் பாட்டு, ஆட்டப் போட்டி நடக்கிற பருவம் வந்தால் மட்டும் பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு எம்பைரே அடிக்கப் போய்விடுவேன். வாழைத்தண்டுகளின் மேல் பெரிய பெரிய மரச்சட்டங்களைப் பரப்பி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாலைந்து பேர் சேர்ந்து அடிக்கிற வாத்தியம் அது. அது முழங்கினால் எங்கள் சோகா நாட்டுக்காரன் எவனுக்கும் கால் சும்மா இருக்காது.

தலைமை ஆசிரியை முத்தேசி மேடம் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். கனத்த உடம்பு, ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் குதிப்பார்.

"இவதான்! முன்னாடி நின்னு பாடப் போறது இவதான்! கூட அவ அக்காளும் நிக்கட்டும். ரெட்டைப் பிள்ளைங்க ஆரம்பிச்சா நடுவருங்க நிமிர்ந்து உக்காருவாங்க. கியெம்பா, இந்தத் தடவை நாம ஜிஞ்சா போட்டியோட நிக்க மாட்டோம், பாரு!"

கவுதாவுக்கு முன்னால் பிறந்தவள் பாபிர்யே. தங்கையைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான் முதலில் துள்ளினாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினார்கள். அந்தச் சுற்றலில்தான் கவுதாவின் தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து விழுந்தது.

மேடத்தின் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

மொட்டைத் தலை முழுக்க மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் வெடித்து நீர் கசிந்தது. கன்னத்தில் இருந்த சிவப்பை அதுவரை வெயிலால் வந்தது என்று நினைத்தவர்கள் எல்லாம் இப்போது கிட்டே வந்து பார்த்தார்கள்.

"படர்தாமரை!" என்றார் மேடம். "ஐயோ, பிள்ளைங்களா, தள்ளி நில்லுங்க! யாரும் அவ குடுவையைத் தொடாதீங்க!"

பிள்ளைகள் சிதறினார்கள். எவனோ ஒருத்தன், "சொறித்தலை!" என்றான். கவுதா துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

---

அன்றைக்கு மாலை என் அக்கா நைகாகா விறகடுப்பை ஊதிக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"படர்தாமரையாமா? அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? பிறந்த மூணாம் மாசத்துலேருந்து நான் இதோட மல்லுக்கட்டறேன்!"

உண்மைதான். கைக்குழந்தையாக இருந்தபோதே கவுதாவுக்குக் கன்னம் இரண்டும் தோல் உரிந்து சிவந்து போகும். கரப்பான் என்றார்கள். நிலக்கடலைக் குழம்பு ஆகாது என்றார்கள், நிறுத்தினாள். மீன் ஆகாது, முட்டை ஆகாது, பால் ஆகவே ஆகாது என்றார்கள், ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கடைசியில் கிழங்கும் உப்பும்தான் மிச்சம். பிள்ளை இளைத்தது, கரப்பான் இளைக்கவில்லை. துணி துவைக்கிற கட்டிச் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினால் கிருமி போகும் என்றார்கள். தேய்த்தாள். பள்ளிக்கூடத்துச் சட்டப்படி மொட்டை அடிக்கக் கூட்டிப்போனால், நாவிதன் மெஷினை ஓட்டிவிட்டு எல்லாருக்கும் தடவுகிற மாதிரி பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அவள் தலையிலும் தடவினான். அவள் போட்ட அலறலில் பக்கத்துக் கடை சப்பாத்திக்காரன் கல்லை விட்டு ஓடி வந்தான்.

"அக்கா, டாக்டர்கிட்ட காட்டலாம்," என்றேன்.

"காட்டலையா? ஒருத்தர் புழுவுக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொருத்தர் பாக்கவே இல்லை, கிட்ட வராதேன்னு கையைக் காட்டினார்." அவள் குரல் இறங்கியது. "போட்டிக்கு முன்னாடி சரியாகணும்டா. அவ பாடினதை நீ கேட்டியே, நான் கேக்கலையே."

மறுநாள் சந்தைக்குப் போனவள் ஷரீஃபா கடையில் நின்றிருக்கிறாள். ஷரீஃபா மூஞ்சி கிரீம், முடி எண்ணெய் எல்லாம் விற்பவள். அவள் முகமே கடைக்கு விளம்பரம் மாதிரி பளபளவென்று வெளுத்திருக்கும். நல்ல மனசுக்காரி, அதைச் சொல்லியாக வேண்டும்.

"இந்த ட்யூபைக் கொண்டு போ. ரெண்டே நாள்ல பாரு. வேலை செய்யலேன்னா என்னை வந்து திட்டு," என்று கையில் திணித்திருக்கிறாள்.

இரண்டே நாள்தான்! கவுதாவின் முகம் தொட்டால் வழுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. காதுக்குப் பின்னால் வெடிப்பு மூடிக்கொண்டது. தலைப் பொருக்கு உதிர்ந்து போனது. என் அத்தான் பாலிகோவா, கரும்பு லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று, "எது கவுதா, எது பாபிர்யே?" என்று கேட்டுவிட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்குக் கோழி அடித்தோம். நான் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மேடம் அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, ஆடட்டும்," என்றார்.

ட்யூப் தீர்ந்தது. அக்கா இன்னொன்று வாங்கினாள். அதுவும் தீர்ந்தது. மூன்றாவது வாங்கப் போனால் ஷரீஃபாவிடம் சரக்கு இல்லை, கம்பாலாவிலிருந்து வரவேண்டும் என்றாள். வருவதற்குள் கவுதாவின் முகம் வெடித்தது.

முன்பு இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி இருந்தது இப்போது. கண்ணிமை வீங்கி, கன்னம் தீயில் சுட்ட மாதிரி, தலை முழுக்கச் சீழ் கோத்து, தலையணையோடு தலை ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் திட்டுத் திட்டாக நிறம் வேறு போயிருந்தது. மேடம் வாசலிலேயே தடுத்து, "கூட்டிட்டுப் போயிடுங்க," என்றார். முன்னால் நின்று பாட வேறு பிள்ளையைப் பழக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. பாபிர்யே, "கவுதா இல்லேன்னா நானும் மாட்டேன்," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

---

ஜிஞ்சாவுக்குத் தோல் டாக்டர் ஒருத்தர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார் என்று அத்தானுக்கு லாரி ஷெட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் நாங்கள் எல்லாரும் கிளம்பினோம். பாபிர்யேயை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அவளும் வந்தாள்.

நங்கோபி டாக்டர் சின்ன வயசு. கவுதாவை மேஜை மேலேயே தூக்கி உட்கார வைத்துக்கொண்டார். தொட்டார். அதுதான் எனக்கு முதலில் பட்டது: கையுறை கூட மாட்டாமல், வெறும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தலையைத் தொட்டுப் பார்த்தார். கவுதா கண்ணை அகல விரித்து அவரையே பார்த்தாள்.

"என்ன போட்டீங்க?"

அக்கா காலி ட்யூபை நீட்டினாள். டாக்டர் அதைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"இது பெரியவங்க கைகால் தடிச்சுப் போனா போடற மருந்தும்மா. ரொம்ப வீரியம். வெளுக்கறதுக்குன்னு கடையில விக்கறாங்க. குழந்தை முகத்துல இதைப் போட்டா முதல்ல சொர்க்கம் மாதிரி இருக்கும். நிறுத்தினா இப்படித் திருப்பி அடிக்கும். தோல் மெலிஞ்சு போகும்."

அக்காவின் கண்ணில் பொல பொலவென்று நீர். "நான்தான் என் பிள்ளையைக்..."

"அழாதீங்க. நிறம் மெதுவா திரும்பிடும். இப்ப வேலையைப் பார்ப்போம். இவ என்ன சாப்பிடறா?"

"கிழங்கு. உப்பு."

"அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் ஆகாதுன்னாங்க."

டாக்டர் கவுதாவைப் பார்த்து, "மீன் சாப்பிட்டா உனக்கு உடனே வாய் வீங்குமா? வாந்தி வருமா?" என்று கேட்டார்.

"மீன் சாப்பிட்டா இன்னொரு மீன் வேணும்னு வரும்," என்றாள் கவுதா.

டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, கொடுங்க. முட்டையும் ஒண்ணொண்ணா ஆரம்பிங்க. எதையாவது தின்னவுடனே தடிப்பு வந்தா மட்டும் என்கிட்ட சொல்லுங்க. பட்டினி போட்டா கரப்பான் போகாது."

பிறகு சொல்லிக் கொடுத்தார். அக்கா ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். கட்டிச் சோப்பு கூடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசனை இல்லாத வெறும் வாஸ்லினை உடம்பு முழுக்கப் பூச வேண்டும். சிவந்த இடத்தில் மட்டும், அதுவும் மெல்லிசாக, அவர் தருகிற வீரியம் குறைந்த களிம்பு. அடங்கினதும் களிம்பை நிறுத்தலாம், வாஸ்லினை நிறுத்தக் கூடாது. தலைப் பொருக்கை நகத்தால் பிய்க்காமல், எண்ணெய் தடவி ஊறவிட்டு, அது தானாக இளகினதும் மெல்லிய சீப்பால் எடுக்க வேண்டும். தலைக்குத் தனி மருந்து. சீழுக்குக் குடிக்க ஒரு மருந்து. நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

"அரிச்சா?" என்றாள் கவுதா. அதுதானே அவளுக்கு முக்கியம்.

"சொறியாதே. விரலைச் சேர்த்து வெச்சு இப்படித் தட்டு." டாக்டர் தன் தலையிலேயே தட்டிக் காட்டினார். "ஈரத்துணியை வெச்சு அமுக்கலாம். உனக்குப் பாட்டு வருமாமே? பாட்டுக்குத் தட்டு."

"டாக்டர், இது அவ அக்காளுக்கும் தொத்திக்குமா?" என்று நான் கேட்டேன்.

"தொத்தாது. அவ அப்பா அம்மா வீட்டுல யாருக்காவது மூச்சு இழுப்பு, ஓயாத தும்மல் இருக்கா?"

அத்தான் சட்டென்று தும்மினார். வேண்டுமென்று செய்யவில்லை. கரும்புத் தூசிக்கு அவர் வருஷம் முழுக்கத் தும்முகிறவர்தான். அறையில் எல்லாரும் சிரித்தோம், அக்கா கூட.

"அங்கிருந்து வந்தது," என்றார் டாக்டர். "ஒரேயடியாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். வரும், அடங்கும், மறுபடி வரும். வளர வளர நிறையப் பேருக்குக் குறைஞ்சிடும். அதுவரைக்கும் நீங்க அதைப் பாத்துக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா போதும். தலையில சின்னச் சின்னக் கொப்புளமா கூட்டமா வந்து காய்ச்சலும் அடிச்சா மட்டும் காத்திருக்காம உடனே ஓடி வாங்க."

---

அக்கா அப்படி ஒரு வேகத்தோடு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுப் பார்ப்பாள். குளியல் முடிந்த நொடியில் வாஸ்லின் டப்பாவைத் திறந்துகொண்டு ஓடுவாள், "ஈரம் போகுது! ஈரம் போகுது!" என்று கத்துவாள், வீட்டில் தீப்பிடித்த மாதிரி. பாபிர்யே துணியை எடுத்துக்கொண்டு நிற்பாள். கவுதா போட்டிருந்த கம்பளித் தொப்பி அரிப்பைக் கூட்டும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா பழைய பருத்தித் துணியில் சின்னக் குல்லாய் தைத்தாள். கவுதா தலையில் எண்ணெயை ஊறவிட்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து மீன் தின்பாள். அரித்தால் தட்டுவாள். முதலில் அடங்கவில்லை, சொறிய முடியாத கோபத்தில் என் முதுகில் தட்டுவாள், பாபிர்யே தலையில் தட்டுவாள், பானையில் தட்டுவாள். அப்புறம் அது பாட்டோடு சேர்ந்துகொண்டது. டப்-டப், டடப்-டப்.

முதலில் சீழ் வற்றியது. பிறகு இமை வடிந்தது. ஒரு காலையில் அக்கா அவள் தலையைத் தன் மடியில் வைத்துச் சீப்பை ஓட்டினாள். பொருக்கு அப்படியே இலை மாதிரி கழன்று வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

"கியெம்பா! ஓடி வாடா! பாரு, பாரு, ரத்தமே இல்லை!"

நான் பல் துலக்குகிற வாயோடு ஓடி வந்து பார்த்தேன். அத்தான் லாரி இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்து பார்த்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஷரீஃபாவும் வந்தாள். அவளிடம் அக்கா டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். ஷரீஃபா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அந்த டாக்டர் எந்த நாள்ல வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இனி முத்தேசி மேடம்.

அக்கா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவருடைய அறைக்குள் நுழைந்தாள். நான் பின்னால்.

"மேடம், இது படர்தாமரை இல்லை. ஒட்டாது."

"நைகாகா, நீ சொல்லுவே. போன வருஷம் ஒரு வகுப்பு முழுக்கப் படர்தாமரை வந்துச்சு. தாய்மார் எல்லாம் இந்த அறையிலதான் நின்னு என்னைக் கிழிச்சாங்க. யார் வாங்கிக் கட்டிக்கிட்டது? நான்."

"இதுங்க ரெண்டும் ஒரே வயித்துல கிடந்ததுங்க மேடம். ஒரே பாய்ல படுக்குதுங்க, ஒரே தட்டுல திங்குதுங்க, ஒரு தொப்பியை மாத்தி மாத்திப் போடுதுங்க. ஒட்டறதா இருந்தா முதல்ல இவளுக்குத்தானே ஒட்டணும்? பாருங்க இவ தலையை! தேய்ச்ச கலயம் மாதிரி இருக்கு!"

பாபிர்யேயின் தலையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் கையை உயர்த்திப் பரபரவென்று தலையைச் சொறிந்தாள்.

"அதோ!" மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அவளும் சொறியறா!"

அக்கா அவள் தலைமேல் குனிந்து பார்த்தாள். நானும்தான்.

"எறும்பு, மேடம்," என்றாள் பாபிர்யே. விரலை நீட்டினாள். நகத்தில் ஒரு செவ்வெறும்பு உயிரோடு காலை ஆட்டியது. "வாசல் மாமரத்துலேருந்து விழுந்துச்சு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எறும்பைப் பார்த்தார். பாபிர்யே தலையைப் பார்த்தார். கவுதா தலையைப் பார்த்தார். அவர் உதடு துடிக்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"டாக்டர் என்கிட்ட நேரா சொல்லட்டும்," என்றார் கடைசியில்.

அக்கா அங்கேயே போனைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து மேஜை மேல் வைத்தாள்.

"தொத்தவே தொத்தாது மேடம்," என்றது நங்கோபி டாக்டரின் குரல். "தாராளமா ஆடட்டும். ஆனா தலையை ஒட்ட மழிக்காதீங்க. ஸ்பிரிட் தடவ விடாதீங்க. முகத்துல சாயம் வேண்டாம், ஆட்டுமுடி வெச்ச தலைப்பட்டை வேண்டாம். ஆடி வேர்த்ததும் தண்ணியில கழுவி விட்டுடணும்."

"என் பள்ளிக்கூடத்துல மொட்டைதான் சட்டம் டாக்டர்."

"கொஞ்சமே கொஞ்சம் முடி, மேடம். அரிசி நீளம்."

மேடம் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். அங்கே புதுப்பிள்ளை ஒன்று, "குடுவையை உடைச்சது யாரு?" என்று பூனைக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"அரிசி நீளம்," என்றார் மேடம். "அதுக்கு மேல ஒரு நூல் போகக்கூடாது."

கவுதா வாசல் வரை அமைதியாக நடந்து வந்தாள். வாசலைத் தாண்டினதும் போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல், மாமரத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

---

ஜிஞ்சாவில் நடந்த போட்டிக்கு அத்தானின் கரும்பு லாரியில்தான் போனோம். முதல் நாளே அவர் லாரியைக் கழுவித் துடைத்துப் பாய் விரித்து வைத்திருந்தார். நடுவில் எம்பைரேச் சட்டங்கள், சுற்றிலும் பிள்ளைகள், ஓரத்தில் முத்தேசி மேடம் ஒரு ஸ்டூலில், ராணி மாதிரி. வழி நெடுகப் பாட்டு. பாலத்தில் போகும்போது மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள்.

இறங்கினதும் அக்கா கவுதாவின் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ!"

எவ்வளவு கழுவினாலும் கரும்பு லாரிதானே. பலகை இடுக்கில் இருந்த சுணை காற்றில் பறந்திருக்கிறது. கவுதாவின் கண்ணோரம் சிவந்து, கழுத்தும் நெற்றியும் தடித்துக்கொண்டு வந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொறியாமல் இருக்க.

அத்தான் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "என் லாரி! என் பாழாப்போன லாரி!"

"கத்தாதீங்க, தண்ணி கொண்டு வாங்க!" என்றாள் அக்கா.

அவர் ஓடினார். நான் இன்னொரு பக்கம் ஓடினேன். ஒலிபெருக்கியில் எங்களுக்கு முந்தைய பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடம் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து வேலியில் கட்டி மறைப்புப் போட்டார். அந்த மறைவில் அக்கா பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தண்ணீரை மெதுவாக ஊற்றிச் சுணையைக் கழுவி, ஈரத்துணியைக் கண்ணிலும் நெற்றியிலும் வைத்து அமுக்கினாள். பாபிர்யே துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். அக்கா ஒற்றி எடுத்தாள், வாஸ்லினைப் பூசினாள், வேறு சட்டையைப் போட்டாள்.  

"போதுமாடி? வலிக்குதா? வேண்டாம்னா வேண்டாம், அம்மா இருக்கேன்."

"அரிக்குது," என்றாள் கவுதா. "ஆனா பாடுவேன்."

"பூகெம்பே!" என்று ஒலிபெருக்கி அலறியது.

நான் கோலைத் தூக்கினேன். எம்பைரே முழங்கத் தொடங்கியது. பிள்ளைகள் குடுவைகளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லாருக்கும் நெற்றியில் ஆட்டுமுடிப் பட்டை. கவுதாவுக்கு மட்டும் அக்கா தைத்த மஞ்சள் பருத்திப் பட்டை. கூட்டம் அவளைப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"குடுவையை உடைச்சது யாரு?"

பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. நடுவர் ஒருத்தர் பேனாவைக் கீழே போட்டார்.

பாட்டு பாதி போனபோது எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு அரிப்பு உயிர் போகிறது என்று. முகம் கோணியது. கை மேலே போனது. சொறியப் போகிறாள், கெட்டது, என்று நினைத்தேன். அவள் விரல்களைச் சேர்த்துவைத்துத் தலையில் தட்டினாள். டப்-டப், டடப்-டப். தாளத்தில், சரியாக என் அடியின் மேல். பாபிர்யே அதைப் பார்த்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை, அவளும் தட்டினாள். பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு இது பழக்காத அடியாயிற்றே! ஆனால் முன்னால் நிற்கிறவள் செய்தால் செய்ய வேண்டியதுதான் என்று அத்தனை பேரும் ஒரு கையில் குடுவை, ஒரு கை தலையில், டப்-டப், டடப்-டப். கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்று தன் வழுக்கையில் தட்டிக்கொண்டே ஆடினார். நான் பாட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று விட்டேன். யார் என்னைக் கேட்பார்கள்?

இறங்கி வந்ததும் மேடம் என் சட்டையைப் பிடித்தார். "அந்தத் தலைத்தட்டு எப்ப சேர்த்தே? என்கிட்ட சொல்லவே இல்லை!"

"நான் சேர்க்கலை மேடம். கரப்பான் சேர்த்தது."

அவர் என்னை அடிக்க வந்தார், சிரித்துக்கொண்டே.

---

முடிவு சொல்கிற நேரம் எல்லாரும் பந்தலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றோம். அக்காவைக் காணோம். கவுதாவைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே முன்பின் தெரியாத ஒரு பெண், இகங்காவிலிருந்து மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவளாம். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை, அந்த வெயிலிலும் தலையில் கம்பளித் தொப்பி. தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. அதே மஞ்சள், அதே கன்னம்.

"உங்க பொண்ணு தலைப்பட்டையைக் கழட்டினப்ப பாத்தேன்," என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மாமியார் இதைச் சாபம்னு சொல்றாங்க."

"சாபமும் இல்லை ஒண்ணும் இல்லை. எந்தச் சோப்பு போடறே? கட்டிச் சோப்பா? தூக்கிப் போடு. இந்தத் தொப்பியையும் தூக்கிப் போடு. கடைத்தெரு ட்யூப் எதுவும் போடலையே? நல்லவேளை, போட்டுடாதே!" அக்கா தன் டப்பாவிலிருந்து வாஸ்லினை எடுத்து அந்தக் குழந்தையின் கன்னத்தில் தடவிக் காட்டிக்கொண்டிருந்தாள். "இப்படி, மேலேருந்து கீழே. தேய்க்காதே. டாக்டர் வியாழக்கிழமை வருவாங்க, நானும் வர்றேன், வா."

கவுதா குனிந்து அந்தக் குழந்தைக்குத் தலையில் தட்டுவது எப்படி என்று காட்டினாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்தது.

ஒலிபெருக்கி ஏதோ சொல்லத் தொடங்கியது. "இரண்டாம் இடம்... மாகாணப் போட்டிக்குச் செல்லும்..." மைதானம் முழுக்க இரைச்சல். நடுவில் முத்தேசி மேடத்தின் அலறல் மட்டும் தனியாகக் கேட்டது. பாபிர்யே எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு.

"அக்கா!" என்று நானும் கத்தினேன். "நாமதான்! நாமதான் போறோம்! எழுந்திரு!"

"இருடா," என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "காதுக்குப் பின்னால இன்னும் பூசலை."